டவருக்கு கிளாக் எங்கிருந்து எடுப்பது? ஜிபிஎஸ், சிங்க்-இ, பிடிபி, அடாப்டிவ்: ஓர் ஒப்பீடு

எஸ்டிஹெச் எனும் பழைய டிரான்ஸ்மிஷன் கருவிகளைக் கழற்றிவிட்டு பாக்கெட் நெட்வொர்க்குக்கு மாறும்போது டேட்டா எப்படிப் போகும் என்று எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். கிளாக், அதாவது கருவிகளை ஒத்த வேகத்தில் ஓட்டும் துடிப்பு, எப்படிப் போகும் என்பது, மாற்றி முடித்த பிறகு ஹேண்டோவர் (ஃபோன் ஒரு டவரிலிருந்து அடுத்ததற்கு மாறுவது) தவறத் தொடங்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. இ1 எனும் பழைய டிஜிட்டல் லைன் இருந்தவரை இந்தக் கவலை கிடையாது. நொடிக்கு 20,48,000 பிட் என்று சீராக வந்துகொண்டிருந்த ஓட்டத்திலிருந்தே பேஸ் ஸ்டேஷன் தன் அலைவெண்ணைப் பிடித்துக்கொண்டது. சாதாரண ஈதர்நெட்டில் ஒவ்வொரு போர்ட்டும் தன் சொந்தக் கிறிஸ்டலில் ஓடுகிறது. அது 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை விலகலாம். பாக்கெட் சரியாகத்தான் போய்ச் சேரும், கிளாக் சேராது.

அப்போது எழுகிற கேள்வி: "ஒவ்வொரு டவரிலும் ஜிபிஎஸ் வைத்துவிடலாமா, பிடிபி வாங்கலாமா, சிங்க்-இ போதுமா?" (பிடிபி என்பது நேரத்தைப் பாக்கெட்டில் எழுதி அனுப்பும் முறை; சிங்க்-இ என்பது ஈதர்நெட் லைனின் பிட் ஓட்டத்திலேயே கிளாக்கை அனுப்பும் முறை.) விற்பனைக்கு வருகிறவர் தன்னிடம் உள்ள பெட்டியைச் சொல்வார். ஆனால் இந்த விஷயத்தில் பெட்டியின் தரத்தைவிட, இரண்டு முனைக்கும் நடுவே இருக்கிற வழியின் தரம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. அதனால் பெட்டிகளைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

## முதலில் தீர்க்க வேண்டிய நான்கு கேள்விகள்

அலைவெண் மட்டும் போதுமா, ஃபேஸும் வேண்டுமா? இரண்டு கடிகாரம் ஒரே வேகத்தில் ஓடினால் அலைவெண் பொருந்திவிட்டது. ஒரே கணத்தில் நொடி மாறினால்தான் ஃபேஸ் பொருந்தியதாக அர்த்தம். 2ஜி, 3ஜி, எஃப்டிடி (அனுப்பவும் பெறவும் தனித்தனி அலைவரிசை) வகை எல்டிஇ ஆகியவற்றுக்கு அலைவெண் போதும். பெரிய பேஸ் ஸ்டேஷன் காற்றில் அனுப்பும் அலை 50 பிபிபிக்குள், அதாவது நூறு கோடியில் 50 பங்குக்குள் இருக்க வேண்டும். அதற்காக நெட்வொர்க் பக்கம் 16 பிபிபி என்று இலக்கு வைக்கிறார்கள். டிடிடி வகையில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடப்பதால், பக்கத்து டவர் அனுப்பும் நேரத்தில் நம் டவர் கேட்டுக்கொண்டிருந்தால் அதன் காது அடைத்துப்போகும். இந்தியாவில் 2300 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ-யும் 3.3 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய 5ஜி-யும் டிடிடிதான். இங்கே இரண்டு டவருக்கு இடையிலான வித்தியாசம் 3 மைக்ரோவினாடிக்குள் இருக்க வேண்டும். பொது ஆதாரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் கூட்டியோ குறைத்தோ 1.5. அதில் நெட்வொர்க் செலவழிக்கக்கூடியது 1.1 மைக்ரோவினாடி.

நடுவழி யாருடையது? சொந்த ஃபைபரும் சொந்த ஸ்விட்சுமா, இன்னொருவரிடம் வாடகைக்கு எடுத்த ஈதர்நெட் லைனா? வாடகை லைன் என்றால் நடுவே எத்தனை கருவி இருக்கிறது, நாளைக்கு வழி மாறுமா என்று உங்களுக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

ஆதாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும்? இதைக் கையாலேயே கணக்கிடலாம். உள்ளே இருக்கும் ஆஸிலேட்டர் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு விலகினால் மணிக்கு 0.36 மைக்ரோவினாடி சேரும். மூன்று மணி நேரம் தாண்டியதும் 1.1-ஐயும் தாண்டிவிடும். விலகல் அதில் பத்தில் ஒன்றாக இருந்தால் ஒரு நாளைக்கு 0.86. முதலாவது நல்ல ஓசிஎக்ஸ்ஓ (சீரான வெப்பத்தில் வைத்த கிறிஸ்டல்), இரண்டாவது ரூபிடியம் அணுக் கடிகாரம். அலைவெண் மட்டும் தேவைப்படும் டவருக்கு இந்தக் கணக்கு கவலையே தராது, அதே ஓசிஎக்ஸ்ஓ வாரக்கணக்கில் தாங்கும்.

எத்தனை இடம், யார் ஏறிப் பார்ப்பது? பத்து டவர் வைத்திருப்பவரின் விடை வேறு, பத்தாயிரம் டவர் வைத்திருப்பவரின் விடை வேறு.

## ஒரே பார்வையில்

| வழி | அலைவெண் | ஃபேஸ் | நடுவழிக் கருவி | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஒவ்வொரு இடத்திலும் ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் அமைப்பு) | சிறப்பு | சிறப்பு | தேவையில்லை | ஆன்டெனா, கேபிள், இடி, ஜாமர் |
| சிங்க்-இ | சிறப்பு | இல்லை | ஒவ்வொன்றும் ஆதரிக்க வேண்டும் | ஒரு பழைய ஸ்விட்ச் போதும், சங்கிலி அறும் |
| பிடிபி, முழுவழி ஆதரவு (ஜி.8275.1) | சிறப்பு | நல்லது | ஒவ்வொன்றும் பவுண்டரி கிளாக் (நேரத்தை வாங்கிப் புதிதாக அனுப்புவது) | ஃபைபர் நீள வித்தியாசத்தை அளப்பது |
| பிடிபி, பகுதி ஆதரவு (ஜி.8275.2) | நல்லது | சந்தேகம் | எதுவானாலும் ஓடும் | நல்ல ஆஸிலேட்டர், ஓயாத கண்காணிப்பு |
| இ1-க்கு அடாப்டிவ் அல்லது டிஃபரன்ஷியல் மீட்பு | நிலைமையைப் பொறுத்து | இல்லை | எதுவானாலும் ஓடும் | பகலும் இரவும் மாறும் வாண்டர் (கிளாக்கின் மெதுவான அசைவு) |

## ஒவ்வொரு டவரிலும் ஜிஎன்எஸ்எஸ்

புரிந்துகொள்ள எளிதானது இதுதான். வானம் தெரிந்தால் போதும். நடுவழியைப் பற்றிக் கவலையே இல்லை. நல்ல டைமிங் ரிசீவர் 100 நானோவினாடிக்குள் நிற்கும். வைத்தவுடன் அதைச் சில மணி நேரம் சர்வே செய்யவிட்டு இடத்தை நிலையாகப் பதிந்துவிட்டால், அதன்பின் ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் நேரம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

சிக்கல் எல்லாம் கேபிளில்தான். திடக் காப்புள்ள ஆர்ஜி-58 கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோவினாடி, நுரைக் காப்புள்ள எல்எம்ஆர்-400-ல் ஏறக்குறைய 4. அறுபது மீட்டர் ஆர்ஜி-58 போட்டுவிட்டு ரிசீவரில் கேபிள் தாமதத்தைப் பதியாமல் விட்டால் 300 நானோவினாடி அங்கேயே போய்விட்டது, 1.1 மைக்ரோவினாடியில் கால் பங்குக்கு மேல். எந்த அலாரமும் வராது. ரிசீவர் 'லாக்' என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு ஆன்டெனாவை ஸ்பிளிட்டர் வைத்து இரண்டு ரிசீவருக்குப் பிரித்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் அதே கேபிளில்தான் ஏறுகிறது. பெரும்பாலான ஸ்பிளிட்டர்களில் ஒரே ஒரு போர்ட்தான் அந்த டிசி-யைக் கடத்தும். அந்தப் போர்ட்டில் மாட்டியிருக்கும் ரிசீவரைப் பராமரிப்புக்கு அணைத்தால் மற்றதும் சேர்ந்து குருடாகும். காப்புக்காக இரண்டு ரிசீவர் வாங்கியவருக்கு இது நடக்கும்போதுதான் தெரியும்.

அடுத்தது வெளியிலிருந்து வரும் ஆபத்து. தரைக்கு வரும் ஜிபிஎஸ் அலை அவ்வளவு பலவீனமானது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் ஒரு சின்ன ஜாமர் அக்கம்பக்கத்தை மூடிவிடும். அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில், தன் வண்டியை நிறுவனம் பின்தொடரக் கூடாது என்று ஒரு ஓட்டுநர் வைத்திருந்த ஜாமர் விமானத் தரையிறக்கக் கருவியையே குழப்பியது. 2013-ல் அவருக்கு அபராதம் விதித்தார்கள்.

அமைப்பே தவறு செய்த நாளும் உண்டு. 2016 ஜனவரி 26 அன்று பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றைப் பணியிலிருந்து நீக்கியபோது யுடிசி (உலகப் பொது நேரம்) திருத்தத் தகவலில் 13 மைக்ரோவினாடிப் பிழை நுழைந்து பல செயற்கைக்கோள்கள் வழியாகப் பரவியது. இடம் காட்டுவதில் ஒரு பிசகும் இல்லை. யுடிசி-யை வைத்து நேரம் கொடுத்த ரிசீவர்கள் தடுமாறின; ஜிபிஎஸ் நேரத்தையே நேராக எடுத்தவை தப்பின. ரிசீவரில் இந்த இரண்டில் எது தேர்வாகியிருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்ப்பது பயனுள்ள வேலை. ஜிபிஎஸ்ஸோடு கலிலியோ, நேவிக் போன்றவற்றையும் பார்க்கும் ரிசீவர் ஒரே அமைப்பின் பிழையிலிருந்து காக்கும். ஜாமரிலிருந்து காக்காது, அலைவரிசை பக்கத்திலேயே இருந்தால் எல்லாம் சேர்ந்தே மூடும்.

எப்போது சரி: டவர்கள் குறைவு, நடுவழி வாடகை, ஃபேஸ் கட்டாயம் என்றால் இதைவிட்டால் வேறு நல்ல வழி இல்லை. நிலவறை, மால், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலான சந்து என்றால் வேண்டாம்.

## சிங்க்-இ

ஈதர்நெட் லைன் டேட்டா இல்லாதபோதும் சும்மா இருப்பதில்லை; குறியீடு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பிட் ஓட்டத்தையே ஆதாரக் கிளாக்கில் கட்டி அனுப்பினால், எதிர்முனை அதிலிருந்து அலைவெண்ணை மீட்டுக்கொள்ளும். இ1 காலத்தில் நடந்ததேதான். பாக்கெட் நெரிசல் இதைத் தொடாது: லைன் காலியாக இருந்தாலும் பொங்கி வழிந்தாலும் கிளாக் ஒன்றே. அலைவெண்ணுக்கு இதைவிட நம்பகமான தரைவழி இல்லை என்பதில் எனக்குத் தயக்கம் கிடையாது.

நிபந்தனை ஒன்றுதான், ஆனால் கடுமையானது. வழியில் ஒவ்வொரு கருவியும் இதைச் செய்ய வேண்டும். நடுவே ஒரு சாதாரண ஸ்விட்ச் இருந்தால் அதற்கு அப்பால் வருவது அந்த ஸ்விட்சின் கிறிஸ்டல். ஒழுங்கான நிலையில் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கிளாக்கின் தரத்தைச் சொல்லும் ஈஎஸ்எம்சி செய்தி நொடிக்கு ஒன்று வரும், 5 நொடி வராவிட்டால் அந்தப் போர்ட்டை நம்பக் கூடாது. அந்தச் செய்தியின் முகவரியை ஸ்விட்ச் கடத்தக் கூடாது என்பது விதி. ஆனால் வாடகை லைன் கொடுப்பவர் சிலர், வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டுச் செய்திகளை எல்லாம் அப்படியே டனல் செய்துவிடுகிறார்கள். அப்போது இந்த முனையில் 'பிஆர்சி தரம்' (முதல்தரக் கிளாக்) என்று எழுதிய செய்தி வருகிறது, லைனில் வரும் பிட்டோ எங்கோ ஒரு கிறிஸ்டலுடையது. கருவி செய்தியை நம்பிப் பூட்டிக்கொள்ளும். விலகல் பெரிதாக இருந்தால் பூட்டு தானே அறுந்து அலாரம் வரும். கருவி ஏற்கும் எல்லைக்குள் இருந்தால் அலாரமே வராமல் தப்பான அலைவெண் காற்றில் ஏறும்.

தாமிரத்தில் இன்னொரு வலை. 1000பேஸ்-டி இணைப்பில் ஒரு முனை மாஸ்டர், மறுமுனை ஸ்லேவ். கிளாக் மாஸ்டரிலிருந்துதான் போகும். இந்தப் பதவியை ஆட்டோ-நெகோஷியேஷனுக்கு விட்டால் கிளாக் எதிர்த்திசையில் ஓடலாம். மேல்முனையை மாஸ்டராகக் கையால் நிறுத்துங்கள். தாமிர எஸ்எஃப்பி மாடுல்கள் பெரும்பாலும் சிங்க்-இ-யைக் கடத்துவதே இல்லை. ஃபைபர் மாடுல் போடுவது நல்லது.

ரிங் அமைப்பில் பயம் டைமிங் லூப். நீங்கள் எந்தப் போர்ட்டிலிருந்து கிளாக் எடுக்கிறீர்களோ அதே போர்ட்டில் திரும்ப 'பயன்படுத்தாதே' என்ற தரத்தை அனுப்புவதுதான் லூப்பைத் தடுக்கிறது. ரிங்கில் ஒரு முனையில் மட்டும் ஈஎஸ்எம்சி-யை அணைத்து வைத்திருந்தால் இந்தத் தடுப்பு போய்விடும். ஃபைபர் அறுந்த அன்று இரண்டு கருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மெதுவாக நழுவத் தொடங்கும், இரண்டும் 'லாக்' என்றே சொல்லும். சங்கிலி நீளத்துக்கும் எல்லை உண்டு: இடையில் கிளாக்கைச் சுத்தப்படுத்தும் பெரிய எஸ்எஸ்யு கிளாக் இல்லாமல் தொடர்ச்சியாக 20 கருவிக்கு மேல் கோக்க வேண்டாம்.

எப்போது சரி: சொந்த ஃபைபர் அல்லது சொந்த மைக்ரோவேவ், தேவை அலைவெண் மட்டும். ஃபேஸ் தேவைப்பட்டாலும் பிடிபிக்குத் துணையாக இதை வையுங்கள். சில மைக்ரோவேவ் ரேடியோக்களில் இதற்குத் தனி லைசென்ஸ் கட்ட வேண்டியிருக்கும், ஆர்டர் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

## பிடிபி, முழுவழி ஆதரவோடு

தரையில் ஃபேஸ் கொண்டுபோக நடைமுறைக்கு உகந்த வழி இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். மாஸ்டர் ஒரு செய்தி அனுப்பும் நேரம், ஸ்லேவ் பெறும் நேரம், ஸ்லேவ் பதில் அனுப்பும் நேரம், மாஸ்டர் பெறும் நேரம் என நான்கு முத்திரை. போகும் பயணத்தில் தெரியும் வித்தியாசத்திலிருந்து வரும் பயணத்தின் வித்தியாசத்தைக் கழித்துப் பாதியாக்கினால் ஸ்லேவ் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கிடைக்கும். கணக்கில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: போகும் நேரமும் வரும் நேரமும் சமம். சமம் இல்லாவிட்டால் வித்தியாசத்தில் பாதி நேராகப் பிழையாகும். எவ்வளவு நேரம் சராசரி எடுத்தாலும் அது போகாது.

ஜி.8275.1 முறையில் வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் பவுண்டரி கிளாக்காக நின்று, செய்தியை வாங்கித் தானே புதிதாகப் பிறப்பித்து அனுப்பும். வரிசையில் காத்திருந்த நேரம் அப்படியே கழிந்துவிடுகிறது. நொடிக்கு 16 சிங்க் செய்தி. அலைவெண்ணைச் சிங்க்-இ தாங்கும், ஃபேஸைப் பிடிபி தாங்கும்.

1.1 மைக்ரோவினாடியை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஐடியு-டி எனும் உலகத் தொலைத்தொடர்புத் தர அமைப்பு வைத்திருக்கும் ஒரு மாதிரிக் கணக்கு:

- ஆதாரக் கிளாக்: 100 நானோவினாடி
- வழியில் 10 பவுண்டரி கிளாக், கடைசியில் ஒரு ஸ்லேவ், ஆளுக்கு 50: மொத்தம் 550
- ஃபைபர் சமமின்மை: 250
- ஆட்டமும் மாற்றமும்: 200

இதற்குமேல் வழி மாறும்போதான தற்காலிக விலகலுக்கு 250, பேஸ் ஸ்டேஷனுக்குள் 150, மொத்தம் 1500. இந்த 50 என்பது 'ஏ' வகுப்புக் கருவிக்கு. 'பி' வகுப்புக்கு 20, 'சி' வகுப்புக்கு 10. பத்து 'ஏ' கருவிகளை 'சி'-யாக மாற்றினால் 400 நானோவினாடி மிச்சம். அதை அப்படியே ஃபைபர் சமமின்மைக்குக் கொடுக்கலாம். அளப்பதற்கு ஆள் அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால், நல்ல வகுப்புக் கருவிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை பல நேரம் மலிவு.

அந்தச் சமமின்மை எங்கிருந்து வருகிறது? ஃபைபரில் ஒளி மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோவினாடி எடுக்கும். ஒரே கேபிளுக்குள் இருக்கும் இரண்டு இழைகள் கிட்டத்தட்ட ஒரே நீளம். அங்கே பிரச்சினை அரிது. எக்ஸ்சேஞ்சுக்குள் ஒரு இழைக்கு 3 மீட்டர் பேட்ச் கார்டு, மற்றதற்கு அலமாரியைச் சுற்றிவந்த 23 மீட்டர் கார்டு போட்டால் 20 மீட்டர் வித்தியாசம், 50 நானோவினாடிப் பிழை. ஒரு 'ஏ' வகுப்புக் கருவிக்கான முழுப் பங்கு! ஒளித் துடிப்பு பரவி மங்கும் டிஸ்பர்ஷனைச் சரிசெய்யச் சுருள் சுருளாக வைக்கும் ஈடுசெய் ஃபைபர் இதைவிட மோசம்: இரண்டு திசைக்கும் சுருள் நீளம் ஒத்திருக்காது, கிலோமீட்டர் அளவில் வித்தியாசம் வந்தால் பிழை மைக்ரோவினாடியைத் தாண்டும். ஒரே இழையில் இரண்டு திசையும் ஓடும் பைடி மாடுல் போட்டால் நீள வித்தியாசமே எழாது. இரண்டு நிறத்துக்கும் வேகம் சற்று மாறுபடும், அது கிலோமீட்டருக்கு இரண்டு நானோவினாடி அளவில்தான்; கணக்கிட்டு ஈடுசெய்துவிடலாம். புதிதாக இழுக்கும் அக்சஸ் வளையத்தில் என் தேர்வு பைடிதான்.

ஓடிஎன் டிரான்ஸ்பாண்டர், கோஹிரண்ட் மாடுல் ஆகிய நெடுந்தூர ஒளிக் கருவிகள் வழியாகப் பிடிபி-யை அனுப்புவதைத் தவிர்க்கப் பாருங்கள். உள்ளே இருக்கும் பஃபர்கள் ஒவ்வொரு முறை லைன் விழுந்து எழும்போதும் வேறு ஆழத்தில் நிற்கும். ஒருமுறை அளந்து ஈடுசெய்த எண் அடுத்த ஃபைபர் வெட்டுக்குப் பிறகு பொய்யாகிவிடும்.

பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் எல்ஏஜி-யிலும் கவனம் வேண்டும். போகும் சிங்க் ஒரு இழையிலும் வரும் பதில் இன்னொரு இழையிலும் போக வாய்ப்புண்டு. பிடிபி ஓடும் இடத்தில், அந்தக் கட்டின் எந்த இணைப்பில் அது ஓடுகிறது என்பதை நிலைநிறுத்துங்கள், இல்லையென்றால் அந்த இணைப்பைக் கட்டிலிருந்து பிரித்து வையுங்கள்.

நொடி எண்ணில் ஒரு சின்னக் கண்ணி. பிடிபி டிஏஐ எனும் அணு நேரத்தில் ஓடுகிறது. ஜிபிஎஸ் அதிலிருந்து 19 நொடி பின்னால், யுடிசி 37 நொடி பின்னால். கிராண்ட்மாஸ்டரில் (எல்லா ஸ்லேவுக்கும் நேரம் தரும் ஆதாரக் கருவி) இந்த எண்ணைத் தவறாகப் போட்டால் ஃபிரேம் எல்லை கெடாது, ஏனென்றால் நொடி முழுதாகத்தான் நகர்கிறது, ஃபிரேம் 10 மில்லிவினாடி. அதனால் குறுக்கீடு தெரியாது. ஃபிரேம் எண் மட்டும் 10.24 நொடிச் சுற்றில் வேறாக நிற்கும். அதை நம்பும் வசதிகள் காரணம் தெரியாமல் தடுமாறும்.

எப்போது சரி: சொந்த ஃபைபர், ஆயிரக்கணக்கான டிடிடி டவர், கருவி மாற்றும் திட்டம் ஏற்கெனவே ஓடுகிறது. ஆதாரத்தை இரண்டு திரட்டு நிலையங்களில் மட்டும், நல்ல ஆன்டெனாவும் ரூபிடியமும் வைத்து நிறுத்தினால் டவர் டவராக ஏற வேண்டியதில்லை.

## பிடிபி, பகுதி ஆதரவோடு

நடுவே பிடிபி தெரியாத ரவுட்டர்கள் இருக்கும்போது ஐபி மேல் யூனிகாஸ்ட்டாக அனுப்புவது ஜி.8275.2. கேட்க நன்றாக இருக்கும், ஏனென்றால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு கணக்கைப் பார்த்தால் எங்கே அடிபடும் என்று புரியும். 1 கிகாபிட் லைனில் 1518 பைட் பாக்கெட் ஒன்று போய் முடிய 12 மைக்ரோவினாடி ஆகிறது. பிடிபி செய்திக்கு எவ்வளவு உயர்ந்த முன்னுரிமை கொடுத்தாலும், ஏற்கெனவே கிளம்பிவிட்ட பாக்கெட் முடியும்வரை அது காத்திருக்கத்தான் வேண்டும். 1.1 மைக்ரோவினாடி பட்ஜெட்டுக்கு எதிரே ஒரே பாக்கெட் 12 மைக்ரோவினாடி காக்கவைக்கிறது! ஜம்போ ஃபிரேம் என்றால் 72. கியூஓஎஸ் (முன்னுரிமை விதி) போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

ஸ்லேவ் செய்வது, வருகிற செய்திகளில் எங்கும் காத்திருக்காமல் வந்த அதிர்ஷ்டச் செய்திகளை மட்டும் பொறுக்குவது. அலைவெண்ணுக்கு இது நன்றாக வேலை செய்கிறது: 200 நொடிக்குள் வருகிறவற்றில் நூற்றில் ஒன்றாவது அடித்தளத்திலிருந்து 150 மைக்ரோவினாடிக்குள் இருந்தால் போதும் என்றே அளவு வைத்திருக்கிறார்கள். ஃபேஸுக்கு அந்தத் தாராளம் இல்லை. ஒரு திசையில் நெரிசல், மறுதிசை காலி என்றால் அதுவே சமமின்மை. போகும் வழியும் வரும் வழியும் வேறு வேறு ரவுட்டர் வழியாக அமைந்தால் கேட்கவே வேண்டாம்.

இதைக் காப்பாக மட்டும் வைத்துக்கொள்ளும் முறைதான் எனக்குப் பிடித்தது. டவரில் ஜிஎன்எஸ்எஸ் இருக்கும். அது நன்றாக ஓடும்போதே பிடிபி வழியின் சமமின்மையை ஸ்லேவ் அளந்து வைத்துக்கொள்ளும். ஜிஎன்எஸ்எஸ் போனால் அந்த எண்ணைக் கழித்துக்கொண்டு பிடிபியில் ஓடும். இடையில் வழி மாறினால் அந்த எண் செல்லாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கிராண்ட்மாஸ்டரில் எத்தனை ஸ்லேவ் என்பதற்கு லைசென்ஸ் எல்லை உண்டு. நொடிக்கு 128 செய்தி கேட்கும் ஸ்லேவ்கள் அந்த எண்ணிக்கையை வேகமாகத் தின்னும்.

## இ1-ஐ பாக்கெட்டில் ஏற்றினால்: அடாப்டிவ், டிஃபரன்ஷியல்

வங்கியின் பழைய பிபிஎக்ஸ், மின்வாரியத்தின் பாதுகாப்பு ரிலே என்று இ1 இன்னும் சாகவில்லை. அதை, பிட் ஓட்டத்தை அப்படியே துண்டாக்கும் சாடாப் முறையில் பாக்கெட்டாக்கினால் இயல்பு அளவு 256 பைட், அதாவது ஒரு மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட். மறுமுனையில் இ1-இன் வேகத்தை மீட்க வேண்டும். வேகம் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? 125 மைக்ரோவினாடி விலகும்போதெல்லாம் ஒரு ஃபிரேம் தவறும். இரண்டு முனையும் நல்ல பிரதானக் கிளாக்கில் நின்றால், எதிரெதிராக முழு அளவு விலகியும் 72 நாளுக்கு ஒரு ஸ்லிப். ஒரு முனை 4.6 பிபிஎம் விலகி ஓடினால் 27 நொடிக்கு ஒன்று. பேச்சில் சின்ன 'க்ளிக்'. ஃபேக்ஸில் பக்கமே போகும்.

அடாப்டிவ் முறையில் பாக்கெட்கள் வந்துசேரும் வேகத்தையே வடிகட்டி கிளாக் ஆக்குகிறார்கள். பொதுக் கிளாக் எதுவும் தேவையில்லை என்பது இதன் ஒரே பலம். வந்துசேரும் நேரத்தில் ஏற்படும் மெதுவான ஏற்ற இறக்கத்தை வடிகட்டியால் நீக்க முடியாது என்பது பலவீனம். காலையில் டிராஃபிக் ஏறும்போதும் இரவில் இறங்கும்போதும் கிளாக் அதோடு சேர்ந்து அசையும். ஒரே வழியில் பல இ1 ஏறினால் இன்னொரு சூழ்ச்சி: கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வரும் இரண்டு ஓட்டங்கள் நிமிடக்கணக்கில் ஒன்றையொன்று முட்டி, பிறகு விலகி, மறுபடி முட்டும். ஜிட்டர் பஃபரை (வரும் பாக்கெட்டைத் தேக்கிச் சீராக விடும் இடம்) பெரிதாக்கினால் சரியாகும் என்று பலர் முயல்கிறார்கள். தாமதம்தான் கூடும், கிளாக் தேறாது. அடிக்கடி நடக்கும் அமைப்புப் பிழை, இரண்டு முனையையும் அடாப்டிவ் என்று வைப்பது. ஒரு முனை உண்மையான கிளாக்கைத் தர வேண்டும், மற்றது மட்டுமே பின்தொடர வேண்டும்.

டிஃபரன்ஷியல் முறையில் இ1-இன் வேகம் பொதுக் கிளாக்கிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பதை ஆர்டிபி நேர முத்திரையில் எழுதி அனுப்புவார்கள். பாக்கெட் எவ்வளவு தாமதித்து வந்தாலும் முத்திரை மாறாது, அதனால் நெரிசல் தொடாது. இரண்டு முனையிலும் ஒரே பொதுக் கிளாக் வேண்டும். சிங்க்-இ இருந்தால் அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. வாடிக்கையாளரின் இ1 நம் நெட்வொர்க் கிளாக்கிலேயே ஓடினால் இரண்டும் வேண்டாம், நேராக நெட்வொர்க் கிளாக்கில் வெளியே அனுப்புங்கள். அவருக்குச் சொந்தக் கிளாக் இருக்கும்போதுதான் டிஃபரன்ஷியல்.

பழைய எஸ்டிஹெச் பகுதி மிச்சமிருந்தால், அதன் உள்ளே டியு-12 எனும் பொட்டலத்தில் பயணித்து வந்த இ1-ஐக் கிளாக் ஆதாரமாக எடுக்காதீர்கள். ஒரு பாயின்டர் நகர்வு 8 பிட், ஏறக்குறைய 3.9 மைக்ரோவினாடித் தாவல். கிளாக் வேண்டுமென்றால் எஸ்டிஹெச் கருவியின் 2 மெகா கிளாக் வெளியீட்டிலிருந்து எடுங்கள்.

மின் ரிலேவுக்கு ஒரு தனிக் குறிப்பு. லைன் டிஃபரன்ஷியல் ரிலேக்களில் பலவும் போகும் தாமதமும் வரும் தாமதமும் சமம் என்று நம்புகின்றன. இரண்டு முனை ஜிட்டர் பஃபரும் 1 மில்லிவினாடி வேறுபட்டால் ரிலே 0.5 மில்லிவினாடி தப்பாகக் கணக்கிடும்; 50 ஹெர்ட்ஸில் அது 9 பாகை. கோளாறே இல்லாத லைனில் வித்தியாச மின்னோட்டம் தெரியும். கிளாக் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பஃபர் சமமில்லை என்றால் இந்த வேலைக்கு உதவாது.

## எந்த நிலைமைக்கு எது

சொந்த ஃபைபர், எஃப்டிடி மட்டும்: சிங்க்-இ. பிடிபி லைசென்ஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் வாங்கும் கருவி பின்னால் பிடிபி செய்யக்கூடியதா என்று பாருங்கள்.

சொந்த ஃபைபர், டிடிடி: ஜி.8275.1-ஓடு சிங்க்-இ. ஆதாரம் இரண்டு, வெவ்வேறு ஊரில்.

வாடகை லைன், டிடிடி, சில டவர்கள்: ஒவ்வொன்றிலும் ஜிஎன்எஸ்எஸ், நல்ல ஓசிஎக்ஸ்ஓ, காப்பாகப் பகுதிப் பிடிபி.

கட்டடத்துக்குள் சின்னச் செல்கள்: மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா, கீழே சின்ன கிராண்ட்மாஸ்டர், அந்தக் கட்டடத்துக்குள் பவுண்டரி கிளாக் செய்யும் ஸ்விட்ச். வெளியிலிருந்து நேரத்தைக் கொண்டுவர முயல்வதைவிட இது பல மடங்கு சுலபம்.

இ1 வாடிக்கையாளர்: சிங்க்-இ போய்ச் சேரும் இடமென்றால் டிஃபரன்ஷியல், சேராத இடமென்றால் வேறு வழியின்றி அடாப்டிவ்.

## ஏற்றுக்கொள்வதற்கு முன் அளக்க வேண்டியவை

கருவியின் திரையில் தெரியும் 'ஆஃப்செட்: 3 நானோவினாடி' என்பதை அளவீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஸ்லேவ் தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொள்வது. சமமின்மை அதில் தெரியவே தெரியாது. கடைசிக் கருவியின் 1பிபிஎஸ் (நொடிக்கு ஒரு துடிப்பு) வெளியீட்டை, ஜிஎன்எஸ்எஸ் ஆன்டெனாவும் ரூபிடியமும் உள்ள கையடக்க அளவியோடு ஒப்பிட வேண்டும். அளவியின் ஆன்டெனா கேபிள், 1பிபிஎஸ் கேபிள் இரண்டின் தாமதத்தையும் அளவியில் பதிந்த பிறகே தொடங்குங்கள்.

குறைந்தது 24 மணி நேரம் ஓடவிடுங்கள். பகல் வெயிலும் மாலை டிராஃபிக்கும் அதற்குள் வந்துவிட வேண்டும். நடுவே ஒருமுறை முதன்மை வழியை வேண்டுமென்றே அறுத்து, காப்பு வழியில் எண் எவ்வளவு தாவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லைனைத் திரும்பப் போட்டு, பழைய எண்ணுக்கே வந்து நிற்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வழியில் எங்கோ ஒரு டிரான்ஸ்பாண்டர் தன் பஃபர் ஆழத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகித்து அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.